எந்தப் பேப்பரில் வந்தது?

புஷ்பராணி தன் போனை மேஜையின் நடுவில் வைத்துத் திரையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். சுற்றி இருந்த எட்டுப் பேரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் இழுக்கவில்லை.

முதலில் காற்று இரைச்சல் கேட்டது. பிறகு சனங்களின் பேச்சுச் சத்தம், எங்கேயோ ஒரு ஆட்டோ ஹாரன். அப்புறம் வயதான ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"புள்ள, நான் இப்ப கியூவுலதான் நிக்கிறேன். லாம்பெண்ணெய்க்கு. விடியமுந்தியே வந்துட்டேன். எனக்கு முன்னுக்கு எரநூறு கேனாச்சும் இருக்கும். ஆளுக நிக்கல. கேனுகளத்தான் கயித்துல கோத்து நிப்பாட்டி வச்சிருக்கு. ஆளுக எல்லாம் மரத்துக்கடியில குந்திக்கிட்டு, அவங்கவங்க கேனையே பாத்துக்கிட்டு இருக்கோம்."

லாம்பெண்ணெய் என்றால் மண்ணெண்ணெய். பேசியது புஷ்பராணியின் சித்தி. பேசிய இடம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து டவுன். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் கொடைக்கானலில், மிஷன் வாசகசாலைத் தகரக் கூரைக்குக் கீழே, சனிக்கிழமை மதியத்து மூடுபனியில் உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. ஒன்று இல்லை, நான்கு. எட்டுத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் ஏதோ கோயில் கருவறை வாசலில் செருப்போடு நின்றதுபோல் பார்த்தார்கள். என் வயிற்றில் அப்போதே புகைய ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை வகுப்பு

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தைலக் கடையைப் பற்றிப் போன வாரங்களில் எழுதியிருக்கிறேன். யூகலிப்டஸ் தைலம், வீட்டுச் சாக்லேட், குளிருக்கு மங்கிக் குல்லா. இந்தக் கடைக்கு வெள்ளைக்காரர்கள் வந்து பேசும்போது என் வீட்டுக்காரர் கல்லாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேடுவார். அதனால் நான் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளப் போனேன்.

நடத்தியவர் டோரத்தி மிஸ். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், எந்தக் குளிரிலும் ஸ்வெட்டரின் மேல் பட்டனைப் போடாதவர். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம். இலக்கணப் புத்தகம் கிடையாது. பேச வேண்டும், அவ்வளவுதான்.

"சாப்பிட்டியா, தூங்குனியான்னு எத்தன நாளைக்குப் பேசுறது? பேசுறதுக்கு விஷயம் வேணும் வள்ளி," என்பார் மிஸ். "ஒலகத்துல விஷயத்துக்கா பஞ்சம்?"

ஆகவே எங்கள் வகுப்பில் செய்திதான் பாடம். ஒவ்வொருவரும் ஒரு செய்தி கொண்டுவர வேண்டும். எழுந்து நின்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். தேர்தல், பெட்ரோல் விலை, எந்த நாட்டில் யார் ராஜினாமா, எந்த எல்லையில் யார் துப்பாக்கியோடு நிற்கிறார்கள், எல்லாம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வந்து போகும். மழை வலுத்தால் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அப்போது உலகச் செய்தியை நிறுத்திவிட்டு டீ குடிப்போம்.

டாக்சி ஓட்டும் அந்தோணி அண்ணன் வாராவாரம் பெட்ரோல் விலையைத்தான் கொண்டுவருவார். ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடும் ரபீக் பாய் கிரிக்கெட்டைக் கொண்டுவருவார். கிரிக்கெட் உலகச் செய்தியா இல்லையா என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வகுப்பில் பேசியது தப்பும் தவறுமான இங்கிலீஷ். அதை இங்கே தமிழில் எழுதும்போது எல்லோரும் திருத்தமாகப் பேசியதுபோலத் தெரியும். நம்பிவிட வேண்டாம்.

உயிரோடு இருந்தவருக்கு அஞ்சலி

ஆரம்பத்தில் விதி எதுவும் இல்லை. விதி வந்தது அந்தோணி அண்ணனால்.

ஒரு சனிக்கிழமை அவர் கண் கலங்கியபடி வந்தார். பழைய நடிகர் ஒருவர் காலமாகிவிட்டார் என்றார். வாட்ஸ்அப்பில் மாலை போட்ட படமே வந்திருந்தது. மிஸ்ஸே எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் ஒரு நிமிடம் மௌனம் காத்தோம். பிறகு ஒவ்வொருவரும் அவர் நடித்த படங்களைப் பற்றி இங்கிலீஷில் உருகினோம். இறந்த காலத்தில் அவ்வளவு வினைச்சொற்களை அந்த வகுப்பு அதற்கு முன் பயன்படுத்தியதில்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டால் அந்த நடிகர் ஒரு நகைக் கடையைத் திறந்துவைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் மிஸ் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். ஊர், நாள், பேப்பர். யார் செய்தி சொன்னாலும் முதலில் மூன்றையும் சொல்ல வேண்டும். "ப்ளேஸ்? டேட்? பேப்பர்?" என்று வகுப்பே சேர்ந்து கேட்கும். பேப்பர் இல்லையென்றால் டிவி, ரேடியோ. அதுவும் இல்லையென்றால் அது செய்தி இல்லை. அந்தக் கட்டங்களைக் கோடு போட்டு நிரப்பும் வேலை என்னுடையது. சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே எழுதுவேன். அந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

என் ராஜ்ஜியம்

செய்தியில் என்னை அடிக்க அந்த வகுப்பில் ஆள் கிடையாது. அதற்குக் காரணம் என் அறிவு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையான காரணம், மலைக்கு வரும் பேப்பர் கட்டுகளை வேன்காரர் வெள்ளனே எங்கள் கடை வாசலில்தான் இறக்கிப் போடுவார். ஏஜெண்ட் வந்து பிரிப்பதற்குள் எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும். கட்டிலிருந்து ஒன்றை உருவி, கசங்காமல் படித்துவிட்டுச் செருகிவைப்பேன். கொடைக்கானலில் முதன்முதலில் உலகத்தைத் தெரிந்துகொள்ளும் ஆள் நான்தான். மலைப்பாதையில் மண் சரிந்து வேன் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

வகுப்பில் நான் எழுந்தால் எல்லோரும் நோட்டை எடுப்பார்கள். எங்கேயோ ஐரோப்பாவில் சண்டை நடந்தால் எங்கள் தெரு பஜ்ஜிக் கடையில் எண்ணெய் ஏன் விலை ஏறுகிறது என்று நான் பத்து நிமிடம் பேசியிருக்கிறேன். ரபீக் பாய் கைதட்டியிருக்கிறார். மிஸ் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டுவார். அந்த ஓர் ஆட்டலுக்காக வாரம் முழுக்க வாழ்ந்திருக்கிறேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

பாலசமுத்திரத்து எரிச்சல்

இந்தப் புத்தி எனக்கு மலைக்கு வந்த பிறகு வந்தது இல்லை. பழனி அடிவாரத்தில் என் அப்பா பூக்கடை வைத்திருந்தார். வீடு பாலசமுத்திரத்தில். அங்கே படிக்கும்போது காலைப் பிரேயரில் ஒரு பெண் 'இன்றைய செய்திகள்' வாசிப்பாள். திலகவதி என்று பெயர். வெங்கலக் குரல். மூன்று வருஷம் அவளே வாசித்தாள்.

நான் பெரிய டீச்சரிடம் போய் எனக்கும் ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டேன். ஒரு நாள் கொடுத்தார்கள். மைக் முன்னால் நின்று "இன்றைய" என்றேன், தும்மினேன். "செய்திகள்" என்றேன், மறுபடி தும்மினேன். அன்று பள்ளிக்கூடம் முழுவதும் சிரித்தது. திலகவதி மட்டும் சிரிக்காமல் என் கையிலிருந்த தாளை வாங்கி மீதியை வாசித்து முடித்தாள். சிரித்தவர்களை எல்லாம் மறந்துவிட்டேன். சிரிக்காத அவள்மேல் உள்ள காந்தல் இன்றைக்கும் ஆறவில்லை.

கேலி செய்தவர்களை மன்னிக்க முடிகிறது. நல்லபடியாக நடந்துகொண்டு என்னைத் தாண்டிப் போகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. என் பொறாமையின் வகை அது.

அவள் வந்தாள்

புஷ்பராணி ஒரு காட்டேஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். நாற்பது வயது இருக்கும். நன்றாக இங்கிலீஷ் பேசினால் ரிசப்ஷனில் உட்காரவைப்பதாக முதலாளி சொன்னாராம், அதனால் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் கதவோரம் உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் மிஸ்ஸுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவளுடைய அம்மா அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து, இந்த மலையில் எஸ்டேட் வேலைக்கு ஏறியவர்கள். அம்மாவின் தங்கைதான் அந்த லெட்சுமி சித்தி. ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்த அக்காவுக்கு இந்தியக் குடியுரிமைக் காகிதம், தங்கைக்கு இலங்கைக் காகிதம். அக்கா கப்பலேறினாள், தங்கை அங்கேயே நின்றுவிட்டாள். போன் வந்த பிறகுதான் இரண்டு வீடும் மறுபடி பேசிக்கொண்டன.

அந்த வருஷம் அந்த நாட்டில் பணம் தீர்ந்துபோய், எண்ணெய், காஸ், மருந்து எல்லாவற்றுக்கும் வரிசையாக இருந்தது. நான் அதைப் பேப்பரில் படித்து, டாலர் கையிருப்பு, கடன் தவணை என்று ஒரு வாரம் விளக்கினேன். அடுத்த வாரம் புஷ்பராணி போனை எடுத்து மேஜையில் வைத்தாள். என் டாலர் கையிருப்பு அன்றோடு முடிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சித்திதான். முதலில் தமிழில் குரல் ஓடும். பிறகு புஷ்பராணி அதை இங்கிலீஷில் சொல்வாள். திக்கித் திக்கித்தான் சொல்வாள், ஆனால் யாரும் கண்ணை எடுக்க மாட்டார்கள். காஸ் இல்லாமல் பேக்கரி மூடியது, பாண் என்கிற ரொட்டி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை அவித்தது, ஆஸ்பத்திரிக்குப் போன பஸ் டீசல் இல்லாமல் பாதியில் நின்றது. சித்தி அந்தக் காலத்தில் துரை பங்களா சமையல்கட்டில் வேலை செய்தவராம், நடுநடுவே "எவ்ரிதிங் பினிஷ்" என்பார். வகுப்பே அதைத் திருப்பிச் சொல்லும். டீ தீர்ந்தால்கூட ரபீக் பாய் "எவ்ரிதிங் பினிஷ்" என்பார். நான் ஆறு வருஷமாகப் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட யாரும் வெளியே எடுத்துக்கொண்டு போனதில்லை.

இதோடு விட்டிருந்தால் மனசுக்குள் எரிந்துகொண்டே இருந்திருப்பேன். ஆனால் டோரத்தி மிஸ் அப்போதுதான் சொன்னார், மழைக்காலம் முடிந்ததும் பெங்களூரில் இருக்கும் தங்கையோடு போய்த் தங்கப்போவதாக. "வாசகசாலைச் சாவிய ஒங்கள்ல ஒருத்தர்ட்ட குடுத்துட்டுப் போறேன். யார் பேச்ச வகுப்பு கேக்குதோ, அவங்கதான் நடத்தணும்."

யார் பேச்சை வகுப்பு கேட்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கு அந்தச் சாவி வேண்டும். கடையில் நான் தைலக்காரர் பெண்சாதி, வீட்டில் இன்னாருக்கு மருமகள். அந்த ஓர் அறையில்தான் நான் நானாக இருந்தேன்.

அந்தக் கேள்வி

இப்போது மண்ணெண்ணெய் வரிசைக்குத் திரும்புகிறேன்.

குரல் ஓடி முடிந்தது. சித்தி அன்று கடைசியாகச் சொன்னது, வரிசையில் நின்ற ஒரு மனிதர் மயங்கி விழுந்ததையும், அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அவர் கேனை யாரும் நகர்த்தாமல் அதே இடத்தில் வைத்திருந்ததையும். "அந்த மனுசன் திரும்பி வந்தா அவருக்கு எடம் வேணுந்தானே," என்றார் சித்தி.

புஷ்பராணி அதை இங்கிலீஷில் சொன்னாள். டோரத்தி மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தோணி அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். யாரும் கேள்வி கேட்கவில்லை.

நான் எழுந்து கரும்பலகைக்குப் போனேன். சாக்பீஸ் எடுத்தேன்.

"ப்ளேஸ்?" என்றேன்.

சொன்னாள். எழுதினேன்.

"டேட்?"

"இன்னைக்கிக் காலைல அக்கா."

அதையும் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் சாக்பீஸை வைத்தேன்.

"எந்தப் பேப்பர்ல வந்தது?"

அவளுக்குப் புரியவில்லை. "இது எங்க சித்திக்கா," என்றாள்.

"தெரியுது. எந்தப் பேப்பர்ல வந்ததுன்னு கேக்குறேன். ஒன் சித்தி பேப்பரா? ரேடியோவா? அன்னைக்கி அந்தோணி அண்ணன் கொண்டாந்த சேதிக்கு ஒரு ஞாயம், ஒனக்கு ஒரு ஞாயமா?"

நல்ல இங்கிலீஷில் ஆரம்பித்து, கோபத்தில் தமிழுக்கு வந்துவிட்டேன். அந்தோணி அண்ணன் "விடுங்க வள்ளியக்கா" என்றார். நான் விடவில்லை. மிஸ்ஸைப் பார்த்தேன். விதி அவர் போட்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தார்.

"விதின்னு பாத்தா வள்ளி சொல்றது சரிதான்," என்றார் கடைசியில்.

புஷ்பராணி போனை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதே திலகவதி முகம். நான் மூன்று கட்டங்களையும் டஸ்டரால் அழித்துவிட்டு, என் செய்தியை எடுத்தேன். ஏதோ ஒரு நாட்டு நாடாளுமன்றத்தில் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டார்கள். சிரிக்கவேண்டிய செய்தி. யாரும் சிரிக்கவில்லை.

சாவி

அதற்குப் பிறகு புஷ்பராணி எல்லோரையும்போலப் பேப்பர் செய்தி கொண்டுவந்தாள். நாலு வரி வாசிப்பாள், மூன்று கட்டத்துக்கும் சரியாகப் பதில் சொல்வாள், உட்கார்ந்துவிடுவாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். மறுபடியும் நான் பேசினால் நோட்டு எடுத்தார்கள்.

மழைக்காலம் முடிந்தது. டோரத்தி மிஸ் வாசகசாலைப் பூட்டுச் சாவியை என் கையில் வைத்தார். நான் ஆறு வருஷமாக எதிர்பார்த்த தலையாட்டல் இல்லை.

"இப்போதைக்கு நீதான் வள்ளி," என்றார்.

இப்போதைக்கு. அந்தச் சொல்லை நான் கேட்காதவள்போல் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அன்று சாயந்திரம் கடையில் இரண்டு தடவை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மிஸ் போன மறுவாரமே புஷ்பராணி வரவில்லை. அதற்கடுத்த வாரம் ரபீக் பாய்க்கு சீசன் சோலி. அந்தோணி அண்ணனுக்கு சவாரி. குளிர்காலம் வருவதற்குள் நாற்காலிகள் நான்கு நிறைந்தால் அதிகம். வந்தவர்களும் பேப்பரை வாசித்துவிட்டு மணியைப் பார்த்தார்கள். நான் உலகத்தை எவ்வளவு உரக்க விளக்கினாலும் கூரையில் மழை இல்லாமலே ஒன்றும் கேட்காததுபோல் இருந்தது.

ஒரு நாள் அந்தோணி அண்ணனைக் கடை வாசலில் பிடித்தேன். "ஏண்ணே வர்றதில்ல?"

அவர் நேராகச் சொன்னார். "பெட்ரோல் வெலையத்தான் நானே தெனம் பங்க்ல பாக்குறனே அக்கா. அந்தச் சித்திக்கு என்னாச்சுன்னு கேக்கத்தான் வந்துக்கிட்டு இருந்தேன்."

காட்டேஜ் கொடிக்கயிறு

நான் புஷ்பராணியைத் தேடிப் போனது மனசு திருந்திப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். வகுப்பு காலியாகிக்கொண்டிருந்தது. வாசகசாலையை இழுத்து மூடிவிட்டார்கள் என்று பெங்களூருக்குச் சேதி போய்விடக் கூடாதே என்ற பயம். அதுதான் என்னைத் துரத்தியது.

காட்டேஜுக்குப் பின்னால் அவள் போர்வைகளைக் கொடிக்கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் போகுமுன் வெரசாகக் காயப்போட வேண்டிய வேலை. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"வாங்கக்கா. கடையில ஆள் இல்லையா?"

"அவரு இருக்காரு. நீ ஏன் வர்றதில்ல?"

"வேல அதிகங்கக்கா."

"ரிசப்ஷன் என்னாச்சு?"

"இன்னும் பேச வரலைன்னுட்டாங்க."

நான் ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் உதறினோம். எனக்குத் தும்மல் வந்தது. அவள் திடீரென்று சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. சித்தி ஒங்களத் தும்முற அம்மான்னுதான் சொல்லும்."

"ஒங்க சித்திக்கு என்னை எப்பிடித் தெரியும்?"

தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீட்டில் போய்த் திரும்பக் கேட்டுப் பழகுவதற்காக வகுப்பை அவள் போனில் பதிவு செய்வாளாம். கியூவில் நிற்கும் நேரத்துக்குக் கேட்க ஏதாவது அனுப்பு என்று சித்தி கேட்கவும், அதையே அனுப்பிவிட்டாளாம். அந்த மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு சித்தி எங்கள் எல்லோர் பேச்சையும் கேட்டிருக்கிறார். பெட்ரோல் அண்ணன், கிரிக்கெட் பாய், கண்டிப்பான மிஸ், தும்முற அம்மா. எல்லோரையும் குரலால் தெரியும்.

எனக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்தது. கடல் தாண்டி ஒரு வரிசை என் பேச்சைக் கேட்டிருக்கிறது. மறுகணம் வேறொன்று உறைத்தது.

"அன்னைக்கி நான் கேட்டதையும் அனுப்புனியா?"

அவள் போர்வைக்குக் கிளிப் போட்டாள். "அது தெரியாம அனுப்பிட்டேங்கக்கா. அப்பெல்லாம் முழுசா அனுப்பிருவேன்."

"என்ன சொன்னாங்க?"

"விடுங்கக்கா."

"போடு."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் ஒன்றைத் தட்டினாள். அதே காற்று, அதே குரல்.

"புள்ள, அனுப்புனதக் கேட்டேன். அந்தத் தும்முற அம்மா கேட்டது ஞாயந்தானே. நான் பேப்பர் இல்லத்தானே. ஆனா இங்க பேப்பர் அடிக்கக் காகிதம் இல்லையாம். டவுன்ல பேப்பர் வாறது நின்டு போச்சு. புள்ளைங்களுக்குப் பரீட்சயும் இல்ல, கேள்வி அடிக்கக் காகிதம் இல்லாம. அதனால அந்த அம்மாக்கிட்டச் சொல்லு. பேப்பர் திரும்ப வாற வரைக்கும் நான் சொல்லுறேன், அது வரைக்கும் கேக்கச் சொல்லு. தும்மலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு."

நான் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போர்வையிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டியது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவரும் இப்படி அடித்ததில்லை.

"இது எப்ப வந்துச்சு?"

"அந்த ஞாயித்துக்கெழமையே வந்துருச்சு."

"அப்ப ஏன் வகுப்புல போட்டுக் காட்டல? போட்டிருந்தா மிஸ் சாவிய ஒங்கிட்டல்ல குடுத்திருப்பாங்க."

"போட்டா எல்லாரும் ஒங்களைத்தானேக்கா பாப்பாங்க," என்றாள் புஷ்பராணி.

நான்கு மாதம் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் எதிரே உட்கார்ந்து, நாலு வரி பேப்பர் செய்தி வாசித்துவிட்டுப் போயிருக்கிறாள். நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்கு வந்தது நன்றி இல்லை. இதிலும் இவள் என்னைத் தாண்டிவிட்டாளே என்ற எரிச்சல்தான் வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"சனிக்கெழம வா," என்றேன். "சித்திகிட்டச் சேதி வாங்கிட்டு வா."

"விதி இருக்கேக்கா."

"வா."

மூன்றாவது கட்டம்

அந்தச் சனிக்கிழமை அந்தோணி அண்ணன் சவாரியை விட்டுவிட்டு வந்தார். ரபீக் பாய் கையில் சைக்கிள் செயின் கிரீஸோடு வந்தார். யார் சேதி சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஏழு நாற்காலி நிறைந்துவிட்டது. நான் மிஸ்ஸின் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பிளாஸ்க். அதில் இருந்தது கொத்தமல்லித் தண்ணீர் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

புஷ்பராணி எழுந்து நின்றாள். நான் எழுந்து போய்க் கரும்பலகையில் கட்டம் போட்டேன்.

"ப்ளேஸ்?" என்றேன். சொன்னாள்.

"டேட்?" சொன்னாள்.

மூன்றாவது கட்டத்துக்கு வந்தேன். அந்தோணி அண்ணன் தொண்டையைச் செருமினார். என் முதுகில் ஏழு பேரின் கண்ணும் இருப்பது தெரிந்தது.

"எந்தப் பேப்பர்?" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். போனைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெட்சுமி சித்தி," என்றாள்.

அதைக் கட்டத்துக்குள் எழுதினேன். இடம் போதாமல் கோட்டைத் தாண்டிப் போனது.

அவள் போனை மேஜை நடுவில் வைத்தாள். ஏழு நாற்காலிகளும் அவள் பக்கம் நகர்ந்தன. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, நன்றாகவே எரிந்தது. பிறகு மிஸ்ஸின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களோடு போட்டுக்கொண்டேன்.